ஓடி ஒளியும் நீலக்கல்

2021-ஆம் வருஷம் ஜூலை மாதம். சென்னையில் சுங்க இலாகா அதிகாரிகள் அயல்நாட்டிலிருந்து தபாலில் வந்த ஒரு பார்சலைப் பிரித்தார்கள். போலந்து நாட்டிலிருந்து வந்திருந்தது அது. தமிழ்நாட்டின் தென்பகுதி ஊர் ஒன்றின் விலாசம் மேலே எழுதியிருந்தது. உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகள். எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 107! தங்கமா? போதை மருந்தா? இரண்டும் இல்லை. குப்பிக்கு ஒன்றாக, உயிரோடு இருந்தவை சிலந்திகள்!

வீட்டு மூலையில் ஒட்டடை கட்டும் சிலந்தியைத் துடைப்பத்தால் அடித்து விரட்டுகிறோம். அதைப் போய்ப் பணம் கொடுத்து, பார்சலில் வரவழைத்து வளர்ப்பார்களா என்று கேட்கத் தோன்றும். வளர்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாய், பூனை, கிளி வளர்ப்பதைப் போலவே 'டாரண்டுலா' என்னும் ரோமச் சிலந்தியை வளர்ப்பவர்கள் ஏராளம். அதற்கென்று சந்தை உண்டு; கண்காட்சி உண்டு; சங்கங்கள் உண்டு. 'இது சாது', 'இது முன்கோபி', 'இது மிரளும் ஜாதி' என்று குணம் பார்த்து வாங்குகிறார்கள்.

சென்னைக்கு வந்த சிலந்திகள் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்த இனங்கள் என்று விலங்கியல் நிபுணர்கள் பார்த்துச் சொன்னார்கள். இறக்குமதிக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. ஆகவே வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடல் கடந்து சிலந்தி வரவழைக்கிறார்கள் நம்மவர். மேல்நாட்டு ரசிகர்களோ, நம் பக்கத்துச் சிலந்தி ஒன்றுக்காக ஏங்கிக் கிடக்கிறார்கள்!

பெயர் வந்த கதை

இத்தாலியின் தென்கோடியில் டாரண்டோ என்றொரு துறைமுகம். அந்த ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் ஒரு வகைச் சிலந்தி உண்டு. அது கடித்தால் விஷம் தலைக்கேறும், வெறி பிடித்தவர் போல ஆடி ஆடி வியர்வையில் அதை இறக்க வேண்டும் என்று அக்காலத்து மக்கள் நம்பினார்கள். 'டாரண்டெல்லா' என்ற நாட்டியத்தின் பெயரும் அந்த ஊரை ஒட்டி வந்ததே. ஊர்ப் பெயரே சிலந்திக்கும் ஆயிற்று.

பிற்பாடு அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஐரோப்பியர்கள், கை அகலத்தில் ரோமம் அடர்ந்த சிலந்திகளைக் கண்டு மிரண்டு, பழைய பெயரையே அவற்றுக்குச் சூட்டினார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு குடும்பம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கெட்ட பெயரும் கூடவே நிலைத்தது. 1955-இல் ஹாலிவுட்டில் 'டாரண்டுலா' என்றே ஒரு படம் எடுத்தார்கள். மலையளவு வளர்ந்த சிலந்தி அதில் ஊரையே அழிக்க வரும். 1962-இல் வந்த 'டாக்டர் நோ' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் படுக்கையில் ஒன்று ஊர்ந்து வரும். படம் பார்த்தவர்கள் நடுங்கினார்கள். ஆனால் நடுங்குவது யார், நடுங்க வைப்பது யார் என்பதை வளர்த்துப் பார்த்தவர்களைக் கேட்டால் கதை தலைகீழாக இருக்கிறது.

சாதுவும் சஞ்சலக்காரியும்

டாரண்டுலாக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சுபாவம் அல்ல.

மெக்ஸிகோவின் 'செம்முழங்கால்' சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்புக் கால், மூட்டுக்கு மூட்டு ஆரஞ்சு வர்ணம். மண்ணில் வளை தோண்டி வாசலில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நாள் கணக்கில் அசையாது. நடந்தாலும் கிழவர் நடைதான். பெண் சிலந்தி இருபது வருஷங்களுக்கு மேல் உயிர் வாழும். புதிதாக வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இப்படிப்பட்டதையே சிபாரிசு செய்கிறார்கள்.

சாது என்பதால் ஆயுதம் இல்லை என்று அர்த்தமல்ல. அமெரிக்கக் கண்டத்து டாரண்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் நுண்ணிய சுணை ரோமங்கள் உண்டு. பயந்தால் பின்னங்காலால் அவற்றைத் தேய்த்துக் காற்றில் பறக்க விடும். 2009-ஆம் வருஷம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் தம் சிலந்தியின் கண்ணாடித் தொட்டியில் ஒட்டியிருந்த கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிலந்தி நெருங்குவதை உணர்ந்து திரும்பினார். முகத்தில் மெல்லிய புகை போல ஏதோ வந்து பட்டது. பிறகு கண் சிவந்தது, நீர் வழிந்தது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கண் டாக்டர்கள் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தபோதுதான், விழியில் நுண்ரோமங்கள் குத்தி நிற்பது தெரிந்தது. வைத்தியப் பத்திரிகையிலேயே இந்தச் செய்தி வெளிவந்தது.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள டாரண்டுலாக்களுக்கு இந்தச் சுணை ரோமம் கிடையாது. எதிரி வந்தால் அவற்றுக்கு இரண்டே வழி. ஒன்று, ஓடுவது. ஓட வழியில்லாவிட்டால், கடிப்பது. ஆகவேதான் அவை எப்போதும் ஓடத் தயாராகவே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் மிரட்சிக்கு இது முதல் காரணம்.

ரயில் ஏறி வந்த நீலம்

மிரளும் ஜாதியில் அழகு ராணி ஒன்று உண்டு. அதன் சொந்த ஊர் நமக்கு அடுத்த ஆந்திரம்!

அனந்தப்பூர் ஜில்லாவில் குத்தி என்றொரு ரயில்வே ஜங்ஷன். சென்னையிலிருந்து பம்பாய் மார்க்கத்தில் போனவர்களுக்குத் தெரிந்த பெயர். அங்கே ரயில்வே மரக் கிடங்கில் அகப்பட்ட ஒரு சிலந்தியை 1899-இல் போகாக் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் ஆராய்ந்து, 'பொயிசிலோதீரியா மெட்டாலிகா' என்று பெயர் வைத்தார். உலோகம் போல மின்னுவதால் 'மெட்டாலிகா'.

உடம்பெல்லாம் மயில் கழுத்து நீலம். முதுகில் வெள்ளைக் கோலம். கால் மூட்டுகளில் மஞ்சள் பொட்டு. கால் விரித்தால் ஆறு அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். இந்த நீலம் சாயத்தால் வந்த நிறம் அல்ல. ரோமங்களின் மிக நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தெரியும் நிறம். மயிலிறகின் மினுமினுப்பும் இந்த மாதிரிதான் உண்டாகிறது.

அதன் பிறகு நூறு வருஷங்களுக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். குத்தியிலிருந்து அது சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். அப்படியானால் முதல் சிலந்தி குத்திக்கு எப்படி வந்தது? வெட்டிய மரத்தின் பொந்தில் இருந்தபடியே ரயில் ஏறி வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். இன்றைக்கும் உலகம் அதைக் 'குத்தி நீலக்கல்' என்றே அழைக்கிறது. டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்து இறங்கிய ஊரின் பெயரே நிலைத்துவிட்டது!

கண் மங்கல், உடம்பெல்லாம் காது

இந்தச் சிலந்தி ஏன் இப்படி மிரளுகிறது?

அதற்குக் கண்கள் எட்டு. ஆனால் பார்வை மங்கல். வெளிச்சமா இருட்டா, நிழல் அசைகிறதா என்று தெரியும், அவ்வளவுதான். அந்தக் குறையை ரோமங்கள் தீர்த்து வைக்கின்றன. காலிலுள்ள மெல்லிய ரோமங்கள் காற்றின் சிறு அசைவையும் உணரும். காலின் மேல்தோலில் உள்ள நுண்ணிய பிளவுகள் மரத்தின் அதிர்வை உணரும். பட்டையின் மறுபக்கம் ஒரு பூச்சி நடந்தாலும் தெரிந்துவிடும்.

காட்டில் அதிர்வு என்றால் ஒன்று இரை, இல்லாவிட்டால் எமன். வீட்டிலோ அதிர்வுக்குக் கேட்க வேண்டுமா? கதவு அறைந்து சாத்துகிறது, ரேடியோ அலறுகிறது, குழந்தை கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறது. வளர்ப்பவர் ஆசையோடு குனிந்து விடும் மூச்சுக்காற்றே அதற்குப் புயல்! இரவில் திடீரென்று விளக்குப் போட்டால் போதும், இருந்த இடம் தெரியாமல் மறையும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம்மூர்ப் பழமொழி. இந்தச் சிலந்திக்கு வெளிச்சமே பேய்.

ஓட்டமும் சாமான்யமானதல்ல. சிலந்தியின் கால்களில் மடக்கத் தசை உண்டு; முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. உடம்பிலுள்ள திரவத்தை அழுத்திக் கால்களுக்குள் செலுத்தியே நீட்டுகிறது. உடம்பு சூடேறினால் வேகமும் ஏறும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும். மூடி திறந்திருந்தால் வளர்ப்பவரின் கை மேல் ஏறித் தோளுக்கும் போய்விடும்.

மிரண்ட சிலந்தி எடுத்தவுடன் கடிப்பதில்லை. முதலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டி அசையாமல் கிடக்கும். அதன் வர்ணக் கோலம் பட்டையின் புள்ளிகளோடு கலந்துவிடும். அது பலிக்காவிட்டால் பொந்துக்குள் ஓடும். பொந்து இல்லாவிட்டாலோ, வழி மறித்தாலோ, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும். அடிப்புறத்தின் மஞ்சள் அப்போது பளிச்சென்று தெரியும். 'கிட்டே வராதே' என்பதற்கு அதன் பாஷை அது. அதையும் மதிக்காவிட்டால் கடைசியாகக் கடி.

வளர்ப்பவர்களில் பலர் முன் மூன்றையும் கவனிப்பதில்லை. கடைசி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, 'பொல்லாத சிலந்தி' என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள்.

மனையடி சாஸ்திரம்

மனிதனுக்கு வீடு கட்ட மனையடி சாஸ்திரம் உண்டு. சிலந்திக்கும் உண்டு. வீடு சரியாக அமைந்தால் மிரளும் சிலந்திகூட அமைதியாகிவிடும். அமையாவிட்டால் சாதுவும் மிரளும்.

முதல் விதி, உயரம். குத்தி நீலக்கல் மரப்பொந்தில் குடியிருக்கும் இனம். அதற்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள கண்ணாடிப் பெட்டி வளர்ந்த சிலந்திக்குத் தாராளம். மண்ணில் வளை தோண்டும் செம்முழங்கால் வகைக்கோ உயரமே ஆபத்து. அது சுவரில் ஏறித் தவறி விழுந்தால் மெல்லிய வயிறு கிழிந்து உயிர் போய்விடும். ஒருவருக்கு மாளிகையானது இன்னொருவருக்குக் கொலைக்களம்!

இரண்டாவது விதி, மறைவிடம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். குழாய் போலச் சுருண்ட கார்க் மரப்பட்டை ஒன்றை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். மரப்பொந்துக்குப் பதில் அது. சிலந்தி அதன் உட்புறம் பட்டு நூல் பின்னி, வாசலில் மண்ணும் தூசியும் ஒட்டித் திரை போட்டுக்கொள்ளும். சுற்றிலும் இலை, கொடி வைத்தால் இன்னும் நல்லது. சிலந்தி நன்றாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு மறைவிடம் இல்லாமல் வைப்பவர்கள் உண்டு. பலன் நேர் விரோதம். ஒளிய இடமில்லாத சிலந்தி, பெட்டியைத் திறந்ததும் வெளியே பாயும். ஒளிய இடமுள்ள சிலந்தி உள்ளே ஓடும். தப்பி ஓடும் சிலந்திக்குப் பூட்டைவிடப் பொந்தே நல்ல காவல்.

மூன்றாவது, காற்று. எதிரெதிர்ப் பக்கங்களில் துளையிட்டு, காற்று ஒரு புறம் புகுந்து மறுபுறம் போக வேண்டும். ஈரம் வேண்டும் என்று எண்ணிப் பெட்டியை இறுக மூடி, நாள்தோறும் தண்ணீர் தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும். புழுங்கிய காற்றில் சிலந்தி மாளும். கம்பி வலை மூடியும் ஆகாது. கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும்.

நான்காவது, தரை. அடியில் மூன்று நான்கு அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவு பரப்புகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறும் அதே நார்க்கழிவு, எங்கோ ஐரோப்பாவில் நம் பக்கத்துச் சிலந்திக்குப் பாயாகிறது! மேல்பக்கம் காய்ந்தும் அடிப்பக்கம் சற்று ஈரமாகவும் இருந்தால் போதும். ஒரு சிறு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர். கிண்ணத்தில் பஞ்சு வைக்கும் பழைய பழக்கம் கூடாது; அழுக்குதான் சேரும்.

ஐந்தாவது, இடம். ஒலிபெருக்கி, தையல் மெஷின், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் மேல் பெட்டியை வைக்கக் கூடாது. வெயில் நேராகப் படும் ஜன்னலும் கூடாது. 24 முதல் 28 டிகிரி வரை வெப்பம் போதும். குளிர்ந்த நாடுகளில்தான் அதற்காகத் தனியாகச் சூடு வைக்க வேண்டியிருக்கும்.

குஞ்சுகளுக்கு இவ்வளவு பெரிய வீடு வேண்டாம். சிறு டப்பாவே போதும். பெரிய பெட்டியில் விட்டால் இரை ஒரு மூலையிலும் குஞ்சு ஒரு மூலையிலும் இருந்து, குஞ்சு பட்டினி கிடக்கும்.

கதவைத் திறக்கும் கலை

மிரளும் சிலந்தியை வளர்ப்பதில் உள்ள சாமர்த்தியம் முழுவதும், கதவைத் திறக்கும் அந்தச் சில நிமிஷங்களில் இருக்கிறது.

அனுபவசாலிகள் முதலில் சிலந்தி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அது தெரியாமல் மூடியில் கை வைப்பதில்லை. சிலந்தி பொந்துக்குள் இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பகல் பொழுதே அதற்கு ஏற்றது. இரவில் அது வேட்டைக்கு வெளியே வரும். கையை விட மாட்டார்கள். நீண்ட இடுக்கியால் தண்ணீர்க் கிண்ணத்தை எடுப்பார்கள். பக்கத்திலேயே ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பாவும் தடித்த அட்டையும் தயாராக இருக்கும். வெளியே வந்துவிட்டால் டப்பாவைக் கவிழ்த்து மூடி, அட்டையை அடியில் செருக வேண்டியதுதான். வேறு வீட்டுக்கு மாற்றும்போது மெல்லிய வர்ணத் தூரிகையால் பின்னங்காலை இலேசாகத் தொட்டு நகர்த்துவார்கள். ஊதுவதும் தட்டுவதும் கூடாது.

உணவுக்கு அதிகச் செலவில்லை. வாரத்துக்கு ஒரு சிள்வண்டோ கரப்பானோ போதும். வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது சட்டை உரிக்கும் காலமாக இருக்கும். மல்லாந்து படுத்துப் பழைய தோலைக் கழற்றும். செத்துவிட்டது என்று எண்ணிப் புரட்டிப் போட்டவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நிஜமாகவே சாகும். அப்போது உயிருள்ள பூச்சியை உள்ளே விட்டு வைத்தாலும் ஆபத்து. புதுத் தோல் மிருதுவாக இருக்கும். சிள்வண்டு சிலந்தியையே கடித்துத் தின்றுவிடும்! விஷப்பற்கள் கெட்டியாகும் வரை, ஒரு வாரம் பத்து நாள், பட்டினிதான் அதற்கு விருந்து.

கையில் ஏந்தலாமா?

கேட்க வேண்டிய கேள்வி இது. படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பலர் உள்ளங்கையில் ஏந்துகிறார்கள். சிலந்திக்கு அதில் கடுகளவும் சந்தோஷம் இல்லை. நாயைப் போல எஜமானை அறிவதும் இல்லை. வளர்த்த பாசமும் இல்லை. கை என்பது அதற்குச் சூடான, நடுங்குகிற ஒரு மரக்கிளை. அங்கிருந்து பாய்ந்து தரையில் விழுந்தால் அதன் வயிறு வெடிக்கும். பாயாமல் கடித்தால் மனிதனுக்குக் கஷ்டம்.

டாரண்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான செய்தி இல்லை. ஆனால் குத்தி நீலக்கல்லின் இனத்தார் கடித்தால் சாதாரணத் தேனீக் கொட்டு என்று தள்ளிவிட முடியாது. ஸ்விட்சர்லாந்து வைத்தியர்கள் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், இந்த இனத்தின் கடியை உலகம் குறைவாக மதிப்பிட்டிருக்கிறது என்று எச்சரித்தார்கள். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் வரும். பல மணி நேரம் கழித்து, எல்லாம் சரியாயிற்று என்று எண்ணியிருக்கும்போது, கை கால் தசைகள் முறுக்கிப் பிடிக்கும். அது நாள்கணக்கில் நீடிப்பதும் உண்டு. கடிபட்டவர் தாமதிக்காமல் டாக்டரிடம் போவதே புத்திசாலித்தனம்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது. காடே இல்லாவிட்டால்?

கடைசிப் பொந்து

நந்தியால் பக்கத்துக் காட்டில் இந்த நீலச் சிலந்தி வாழும் பரப்பு 100 சதுர கிலோ மீட்டருக்கும் குறைவு. விறகுக்கும் கட்டைக்கும் மரங்கள் விழுகின்றன. வயதான மரத்தில்தான் பொந்து இருக்கும். வயதான மரத்தையே முதலில் வெட்டுகிறார்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-இல் இதை அழிவின் விளிம்பில் உள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது.

இதன் உறவினர் கதையும் அதுதான். ராமேசுவரத்தில் ஒரு கிளை உண்டு. அங்குள்ள அனுமார் கோயிலின் பெயரை ஒட்டி 2004-இல் அதற்கு 'அனுமவிலாசுமிகா' என்று விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். பிறகு கடலுக்கு அக்கரையில் மன்னாரிலும் அது காணப்பட்டது. இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் இன்னொரு புதிய இனத்தை 2012-இல் அறிவித்தார்கள். பெரிய மரங்கள் குறைந்துபோன அந்தப் பிரதேசத்தில், ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குடியிருப்பிலும் அது குடியிருந்தது. மரப்பொந்து போனால் சுவர் வெடிப்பு!

2019-இல் இந்த இனம் முழுவதும் சர்வதேச வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறியது. அனுமதியின்றி நாடு விட்டு நாடு அனுப்பக் கூடாது. 2022-இல் திருத்திய இந்திய வனவிலங்குச் சட்டமும் அந்தப் பட்டியலில் உள்ள பிராணிகளைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வாங்கி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தச் சட்டத்தைத்தான்.

மேல்நாட்டில் இன்று கூண்டுகளில் உள்ள நீலச் சிலந்திகளில் பெரும்பாலானவை கூண்டிலேயே பிறந்தவை. காட்டையே காணாதவை. இருந்தும், விளக்குப் போட்டதும் அவை ஓடி ஒளிகின்றன. தலைமுறை மாறினாலும் சுபாவம் மாறவில்லை. ஒளிவதற்குக் கார்க் பட்டையில் ஒரு பொந்து செய்து கொடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். நந்தியால் காட்டில் உள்ளதற்கு அந்தப் பழைய மரத்தை விட்டால் வேறு பொந்து இல்லை. அதை வெட்டாமல் விடுவது ஒன்றே அதற்கு நாம் கட்டிக் கொடுக்கக்கூடிய வீடு.